இறுதிப் படுக்கையில் இருப்பவரின் வாய்: பல் மருத்துவர் எதுவரை உடன் வரவேண்டும்?

காரைக்குடிப் பல் மருத்துவர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காரைக்குடியில் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன். அண்மையில் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. அதை எழுதி, இங்குள்ள மருத்துவர்களும் செவிலியர்களும், வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர்களும் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

கண்டனூரில் ஓர் ஆச்சி, வயது 83. பதினோரு ஆண்டுகளுக்கு முன் மேலும் கீழும் முழுப் பல்செட் என்னிடம் கட்டிக்கொண்டவர். கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் மதியம் அவருடைய மகன் தொலைபேசியில், "ஆத்தாவுக்குப் பல்செட் நிக்க மாட்டேங்குது டாக்டர், கஞ்சிகூட இறங்கலை, ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டார். கூட்டி வாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் நாற்காலியில் உட்காரக்கூடிய நிலையில் இருந்தால் அவர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அன்று மாலையே போனேன். வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டி இரண்டாங்கட்டில், காற்று வரும் அறையாகப் பார்த்துக் கட்டில் போட்டிருந்தார்கள். ஆச்சியின் கீழுதடு நடுவில் வெடித்திருந்தது. நாக்கு, வெயிலில் உலர்த்திய வற்றலைப் போல் சுருங்கி ஒட்டிக் கிடந்தது. மேல் செட்டைக் கழற்றிப் பார்த்தபோது அண்ணம் முழுவதும் செக்கச் சிவந்து, ஆங்காங்கே தயிர்த்திரி போல வெண்படலம் படிந்திருந்தது. ஒன்பது நாள்களாக அந்தச் செட்டை யாரும் கழற்றவில்லை. அலட்சியத்தால் நேர்ந்ததன்று. பல் இல்லாத முகத்தோடு ஆச்சி ஒருநாளும் பிறர் முன் இருந்ததில்லை என்பதால், நினைவு மங்கிய நேரத்தில் அவரைக் கேளாமல் கழற்றுவது அவமரியாதை என்று மருமகள் கருதியிருக்கிறார். அந்த மருமகளின் மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடவேண்டும் என்பதை, பதினோரு ஆண்டுகளில் ஆச்சியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். வீட்டாரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

எல்லோரையும் வளவில் இருக்கச் சொல்லிவிட்டு, மருமகளை மட்டும் உடன் வைத்துக்கொண்டேன். காய்ந்து ஒட்டியிருந்ததை உரிக்காமல், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த காஸ் துணியால் ஒற்றி ஒற்றி ஊறவைத்து எடுப்பதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. வாய் ஈரமானதும் ஆச்சி நாக்கைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில், "பால் பணியாரத்துப் பாலை ஒரு கரண்டி நாக்குல விடச் சொல்லு" என்றார். நான்கு நாள்களாக அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது என்று மருமகள் சொன்னார்.

மறுநாள் மேல் செட்டுக்கு மட்டும், ஈறில் உறுத்தாமல் பொருந்தும்படி மென்மையான உட்பூச்சு போட்டுக் கொடுத்தேன். கீழ் செட் வேண்டாம் என்று ஆச்சியே சொல்லிவிட்டார். பூஞ்சைக்கான மருந்தை, வீட்டுக்கு வரும் மருத்துவரிடம் பேசி அவர் மூலமாகத் தொடங்கினோம். அதன்பின் பத்தொன்பது நாள்கள் இருந்தார். பல்செட்டை மாட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருக்கும் பேரனோடு காணொளியில் பேசினார்.

ஐந்தாண்டுப் படிப்பில் இறந்துகொண்டிருப்பவரின் வாயைப் பற்றி ஒரு வகுப்பு நடந்ததாக எனக்கு நினைவில்லை. நோயாளி நாற்காலிக்கு வரமுடியாமல் போகும் நாளோடு நம் வேலை முடிந்துவிடுகிறது என்று எல்லோருமே எண்ணிக்கொண்டிருக்கிறோமா?

---

தேவகோட்டை மகள்

டாக்டர் ஐயா, கேட்டுவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் மருத்துவர்தான். அவர் கண்டுபிடித்ததில் குறையில்லை, நன்றியே உண்டு. ஆனால் ஒரு கடிதத்தை எழுதி, நின்றவாக்கிலேயே எங்கள் கையில் கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றதோடு சரி. அதன்பின் அப்பச்சி பதினான்கு மாதம் இருந்தார்கள். அந்தப் பல் மருத்துவமனை எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேதத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்திருக்கும்.

அப்பச்சி இறந்து ஐந்தாம் மாதம், அவர்களுடைய தொலைபேசிக்கு அதே இடத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் பற்களைப் பரிசோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, இன்றே பதிவு செய்யுங்கள் என்று. அந்தத் தொலைபேசியை எங்கள் ஆத்தா தினமும் மின்னேற்றித் தலைமாட்டிலேயே வைத்திருப்பார்கள். செய்தியைப் படித்துவிட்டு என்னிடம், "போனவுகளுக்கு எதுக்குத்தா பரிசோதனை?" என்று கேட்டார்கள். அன்று முழுவதும் அவர்கள் சாப்பிடவில்லை.

இது கணினி தானாக அனுப்பியது என்று எனக்குத் தெரியும். அப்பச்சியின் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு ஒரு மனிதர் இல்லாமல் போனாரே என்பதுதான் வருத்தம்.

---

வீடு தேடிச் செல்லும் செவிலியர்

சிவகங்கை மாவட்டத்தில் வீட்டிலேயே வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை பெறுபவர்களைப் பார்த்து வருகிறேன். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து, அரசின் வழியாகவே இந்தச் சேவை வீட்டுக்கு வருகிறது என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

டாக்டர் எழுதியதை நான் வாரத்துக்கு இரண்டு வீடுகளிலாவது பார்க்கிறேன். கடைசி வாரங்களில் வாய் உலர்வது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்கிறது. வலிக்குத் தரும் மார்ஃபின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், தொண்டைச் சளியைக் குறைக்கத் தரும் ஊசி ஆகிய எல்லாமே எச்சிலைக் குறைப்பவை. வாயால் மூச்சு விடுவதும் ஆக்சிஜன் குழாயும் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இதற்காக மார்ஃபினை நிறுத்திவிடாதீர்கள். வலியையும் தாங்கி, வறண்ட வாயையும் தாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வாயை ஈரமாக வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.

வீட்டாருக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவை மட்டமாகப் போட்டுக் கலக்கி வையுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். காலையிலும் இரவிலும் குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்ஷை அதில் நனைத்து, உதறிவிட்டு, ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று மெதுவாகத் துடையுங்கள். துடைக்கும்போது தலைமாட்டை உயர்த்தியோ, ஒருக்களித்துப் படுக்க வைத்தோ இருக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவரின் வாயில் ஒரு சொட்டு அதிகமானாலும் நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உதட்டையும் நாக்கையும் நனைத்தால் போதும். நினைவோடு இருப்பவருக்குச் சிறு ஐஸ் துண்டு மிகவும் பிடிக்கும். பல் உள்ளவரின் வாய்க்குள் விரலை விடாதீர்கள். தன்னை அறியாமல் கடித்துவிடுவார், பிறகு இருவருக்கும் வேதனை.

எலுமிச்சைச் சாறும் கிளிசரினும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை புண்ணை எரிக்கும். கிளிசரின் தடவியவுடன் பளபளப்பாகத் தெரிந்தாலும் சற்று நேரத்தில் முன்பைவிட உலர்த்திவிடும். சாராயம் கலந்த வாய்க்கழுவியும் அப்படித்தான். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெயோ வெண்ணெயோ பூசலாம். ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கு மட்டும் எண்ணெய்ப் பசையை விட்டுவிட்டு, நீர் சார்ந்த களிம்பைக் கேட்டு வாங்குங்கள்.

வெண்படலம் தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள். வாய்க்கு மருந்து போட்டுவிட்டுப் பல்செட்டை அப்படியே மாட்டினால் பூஞ்சை திரும்ப வரும். செட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பல் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிருமிநாசினி வாய்க்கழுவியான குளோர்ஹெக்சிடினையும் பூஞ்சை மருந்தான நிஸ்டாட்டினையும் ஒரே நேரத்தில் எழுதித் தராதீர்கள். முதலாவது இரண்டாவதன் வேலையைக் கெடுத்துவிடும்.

---

புதுக்கோட்டை இளம் மருத்துவர்

மூத்தவர்கள் எழுதியதை மதிப்புடன் படித்தேன். எனக்குச் சில தயக்கங்கள் உள்ளன. அவற்றை மறைக்காமல் கேட்கிறேன்.

வீட்டில் எக்ஸ்ரே இல்லை, உறிஞ்சு கருவி இல்லை, வெளிச்சம்கூட இல்லை. இரத்தம் கசிந்தால் என்ன செய்வது? இரண்டு மாதம்கூட இருக்கமாட்டார் என்று தெரிந்தவருக்கு ஆடும் பல்லை எடுக்கலாமா, விட்டுவிடலாமா? கட்டணம் வாங்குவதா, வேண்டாமா? இன்னொன்றையும் கேட்கிறேன். குடும்பத்தார் அழும்போது என்ன பேசுவது என்று எனக்குத் தெரிவதில்லை. சென்ற ஆண்டு ஒரு பெரியவரின் மகள் என் முன்னால் அழுதபோது, நான் கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

---

மதுரை வாய்முக அறுவை மருத்துவர்

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்கிறேன். கடைசிக் கேள்வியை மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பல்லைத் தொடுமுன் இரண்டு செய்திகளைக் கேட்டறியுங்கள். முகத்துக்கோ கழுத்துக்கோ கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்களா என்பது ஒன்று. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காக, எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகளான சோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ போட்டிருக்கிறார்களா என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்று ஆம் என்றாலும், பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை வரக்கூடும். இவ்வகை மருந்துகளால் தாடை எலும்பு அழுகுவது 2003-இல்தான் முதலில் பதிவானது. அதற்கு முன் படித்தவர்கள் பலருக்கு இது பாடத்திலேயே இல்லை. வீட்டார், "எலும்பு ஊசி, மாதம் ஒருமுறை போட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் கையை நிறுத்திவிடுங்கள்.

ஆடும் பல் வலிக்கவில்லை, மூச்சுக்குழாயில் விழும் அளவுக்குத் தளரவில்லை என்றால் விட்டுவிடலாம். கூரான முனை நாக்கைக் குத்தினால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் சாப்பாட்டையும் பேச்சையும் திருப்பித் தரும். குழி விழுந்த பல்லைத் தற்காலிகமாக அடைத்து வலியை நிறுத்துங்கள். அழகுக்காகவும் ஆண்டுக்கணக்கில் நிலைப்பதற்காகவும் செய்பவற்றை எல்லாம் விட்டுவிடலாம். வாழ்நாள் முழுவதும் பழகிய கை சும்மா இருக்க மறுக்கும் என்பது உண்மைதான். நானும் அப்படி ஒரு பல்லை எடுத்துவிட்டு, அந்த மனிதர் இருந்த ஆறு வாரமும் குழி ஆறாததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பல்லை எடுக்காமல் இருந்திருந்தால் அந்த ஆறு வாரம் வேறு மாதிரி கழிந்திருக்கும்.

வாய்ப் புற்று வெளியே வெடித்தவர்களின் வீட்டில் நாற்றம்தான் எல்லோரையும் விலக்கி வைக்கிறது. பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதை நிறுத்திவிடுவார்கள். நோயாளிக்கு அது புரியும். மெட்ரனிடசோல் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் இடும் முறை அந்த நாற்றத்தை வெகுவாகக் குறைக்கும். அளவை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கழுத்தை ஒட்டிய புண்ணாக இருந்தால் பெரிய இரத்தப்போக்கு வரலாம் என்பதை முன்கூட்டியே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி, அடர்நிறத் துண்டுகள் சிலவற்றைக் கட்டிலின் அருகே மடித்து வைக்கச் செய்யுங்கள். வெள்ளைத் துணியில் இரத்தத்தைப் பார்க்கும் அதிர்ச்சி, பார்த்தவரை வாழ்நாள் முழுவதும் விடாது.

---

கோனாபட்டுப் பேரன்

செவிலியர் அக்காவிடம் ஒரு கேள்வி. எங்கள் அப்பத்தாவுக்கு நினைவில்லை. உறவினர்கள் எல்லோரும் வந்து பால் ஊற்றவேண்டும் என்கிறார்கள். ஊற்றினால் புரையேறும் என்று நான் சொன்னால், படித்த திமிர் என்கிறார்கள். என்ன செய்வது?

---

வீடு தேடிச் செல்லும் செவிலியர்

தம்பி, அவர்களோடு சண்டை போடாதீர்கள். தன் கையால் அவருக்கு ஏதாவது ஒன்று கொடுத்து அனுப்பவேண்டும் என்பதுதான் பால் ஊற்ற வருகிறவர்களின் தவிப்பு. ஒரு கிண்ணத்தில் பாலை வையுங்கள். சுத்தமான பஞ்சை அதில் தொட்டு நன்றாகப் பிழிந்துவிட்டு, அப்பத்தாவின் உதட்டையும் நாக்கின் நுனியையும் ஒவ்வொருவரும் நனைக்கட்டும். அவர் பக்கவாட்டில் திரும்பி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வந்தவர் மனமும் நிறையும், அப்பத்தாவுக்கும் வாய் ஈரமாக இருக்கும். எல்லோரும் முடித்ததும் வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். பால் படிந்து காய்ந்தால் புண்ணாகும்.

நான் போன வீடுகளில் இதை மறுத்தவர் ஒருவரும் இல்லை. நம் வழக்கத்தில் கடைசி வழியனுப்புதல் எல்லாமே வாயைச் சுற்றித்தானே இருக்கிறது. உயிர் இருக்கும்போது பால், போனபின் வாய்க்கரிசி. அப்படியிருக்க, இடைப்பட்ட நாள்களில் அந்த வாயை யாரும் திறந்து பார்க்காமல் இருப்பது எனக்கு எப்போதும் வேதனையாக இருக்கும்.

---

பள்ளத்தூர் ஐயா

எனக்கு வயது 78. என் மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இழையைப் பேத்தி காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள்.

அவள் விடியற்காலையில் போய்விட்டாள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருந்ததால் குளிர்பெட்டி வைத்து ஒன்றரை நாள் காத்திருந்தோம். செவிலிப் பெண் ஒருத்தி அன்று இரவு உடன் இருந்தாள். உயிர் பிரிந்த சற்று நேரத்தில், "ஐயா, ஆச்சியோட பல்செட் எங்கே?" என்று கேட்டாள். எனக்கு அப்போது அந்தக் கேள்வி புரியவேயில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடை இறுகத் தொடங்கிவிடும், பிறகு வைக்க முடியாது என்று சொல்லி, செட்டைக் கழுவி மாட்டி, அதன்பிறகு வாய் திறக்காதபடி நாடிக்கட்டுக் கட்டினாள். மறுநாள் என் மகன் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஆத்தா தூங்குறாப்ல இருக்காக" என்றான். கன்னம் ஒட்டி, வாய் உள்வாங்கிய முகத்தை அவன் பார்த்திருந்தால் அதுவே அவனுக்குக் கடைசி நினைவாக நின்றிருக்கும். இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பல் மருத்துவராம். அவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் பல் மருத்துவர் பதினாறாம் நாள் கழிந்ததும் வீட்டுக்கு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் எழுபத்து நாலு வயதுவரை இருந்துவிட்டார், பேரன் பேத்தி பார்த்துவிட்டார், கல்யாணச் சாவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தவறாகச் சொல்லவில்லை, ஆனால் ஐம்பத்திரண்டு ஆண்டு உடன் இருந்தவனுக்கு அது ஆறுதலாகவும் இல்லை. மருத்துவர் பட்டாலையில் உட்கார்ந்து, என் மனைவியின் பெயரைச் சொல்லி, "ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டு சிவபுராணத்தை முணுமுணுப்பார்கள், முடியும்வரை நானும் காத்திருப்பேன்" என்றார். எனக்குத் தெரியாத ஒன்றை அவளைப் பற்றி அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

எழுந்து போகும்போது, "ஐயா, அடுத்த மாதம் நீங்கள் வாருங்கள், பல்லுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள்" என்றார். போனேன். இரவில் பல்லைக் கடித்துக் கடித்து இரண்டு கடைவாய்ப் பற்களில் விரிசல் விழுந்திருந்தது. மூன்று மாதமாக ஒழுங்காகப் பல் துலக்காததும், தனியாகச் சமைக்கத் தெரியாமல் ரொட்டியும் பிஸ்கட்டும் தேநீரும்தான் உணவாக இருந்ததும் அவருக்கு வாயைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கடிந்துகொள்ளவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

புதுக்கோட்டைத் தம்பிக்கு: பேசுவதற்கு ஒன்றும் தெரியாவிட்டால் பரவாயில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

---

தேவகோட்டை மகள்

ஐயா எழுதியதை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். செவிலிப் பெண் பல்செட்டை மாட்டிய பகுதி வந்ததும், இன்னொருமுறை படி என்றார்கள்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். அப்பச்சிக்குப் புற்றுநோய் என்பதை அவர்களிடம் சொல்லவேண்டாம் என்று நாங்கள்தான் எல்லா மருத்துவர்களிடமும் கெஞ்சினோம். கடைசிவரை 'வாய்ப்புண்' என்றே சொன்னோம். அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒருநாள் வாயைத் துடைத்துவிட்டபோது, "இது ஆறுற புண்ணு இல்லைன்னு எனக்குத் தெரியும்த்தா, ஆத்தாகிட்ட சொல்லிறாத" என்றார்கள். எங்களிடமிருந்து அவர்களும், அவர்களிடமிருந்து நாங்களும் ஒளித்துக்கொண்டே பதினான்கு மாதத்தைக் கழித்துவிட்டோம். முதலில் புண்ணைப் பார்த்த பல் மருத்துவர் அன்றைக்கு வேறு எப்படிப் பேசியிருக்கலாம்?

---

காரைக்குடிப் பல் மருத்துவர்

அம்மா, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கடினமானது. அந்த மருத்துவர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். ஒருமுறையல்ல, பலமுறை. சந்தேகப்படும்படியான புண்ணைப் பார்த்ததும் நமக்கே நெஞ்சு படபடக்கும். அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கிறார் என்பது தப்பிப்பதற்கு வசதியான காரணமாகிவிடும். இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். கதவைச் சாத்திவிட்டு நோயாளியையும் உடன் வந்தவரையும் உட்காரவைத்து, நானும் உட்காருகிறேன். "இந்தப் புண்ணைப் பற்றி நீங்கள் என்ன நினைத்திருக்கிறீர்கள்?" என்று நோயாளியிடமே முதலில் கேட்கிறேன். பாதிப்பேர் புற்று என்ற சொல்லைத் தாமே சொல்லிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விருப்பமா, பிள்ளைகளிடம் சொன்னால் போதுமா என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் முன்னிலையிலேயே குடும்பத்தாருக்குத் தெரிவிக்கிறேன். மறைக்கச் சொல்லி மகன் தனியாக வந்து கெஞ்சினால் கோபப்படுவதில்லை. "நானாகச் சொல்லமாட்டேன், அவராகக் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். சதைப் பரிசோதனை முடிவு வரும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து, நானே அழைக்கிறேன்.

குறுஞ்செய்தி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த அன்று இரவே எங்கள் பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தே இறந்துபோன ஏழு பேரின் எண்களுக்கு நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வீடுகளுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம், மறைவுச் செய்தி வந்த அன்றே பெயரை நீக்கவும், பாக்கி ஏதேனும் இருந்தால் கேட்காமல் என்னிடம் சொல்லவும் சொல்லியிருக்கிறேன். செட்டுக்கு அளவு கொடுத்து முன்பணம் கட்டிவிட்டு, வாங்குவதற்குள் இறந்துபோனவரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம். முடிந்திருக்கும் செட்டை எறிவதில்லை. வேண்டுமா என்று வீட்டாரிடம் கேட்கிறோம். ஒருவர் வாங்கிப்போய்ப் பெட்டகத்தில் வைத்திருக்கிறார்.

கட்டணம் பற்றிப் புதுக்கோட்டைத் தம்பி கேட்டிருந்தீர்கள். வாங்குவதில் குற்றமில்லை என்பது என் எண்ணம். இலவசம் என்றால் இரண்டாம் முறை கூப்பிடக் கூசும் குடும்பங்கள் இந்த ஊர்ப்பக்கம் அதிகம். பொருளுக்கு ஆகும் தொகையை முதல் நாளே சொல்லி வாங்கிக்கொள்கிறேன்; முடியாதவர் என்று தெரிந்தால் பேச்சையே எடுப்பதில்லை. பையில் தலைவிளக்கு, காஸ் துணி, குழந்தைப் பிரஷ், சிறிய உரசுக்கருவி, உட்பூச்சுப் பொருள், இரத்தக் கசிவுக்கு டிரானெக்சாமிக் அமிலம், இவ்வளவுதான் கொண்டுபோகிறேன். உறிஞ்சு கருவி தேவைப்படும் வேலை எதையும் வீட்டில் செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மருத்துவக் கல்லூரிகளில் படிப்போருக்கு இந்தப் பாடம் வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2023-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள், செவிலியர் அம்மாவைப் போன்றவர்களோடு நான்கு வீடுகளுக்குப் போய்வந்தால் போதும். நான் இருபத்திரண்டு ஆண்டு கழித்துக் கற்றதை அவர்கள் ஒரு வாரத்தில் கற்றுவிடுவார்கள்.

செவிலியர் அம்மாவுக்கு ஒரு செய்தி. கண்டனூர் மருமகள் நேற்று வந்திருந்தார். தன் பல்லைக் காட்டத்தான் வந்தார். போகும்போது ஒரு தூக்குவாளியை மேசையில் வைத்தார். உள்ளே பால் பணியாரம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் படுத்துவிட்டார் என்றும், அவருடைய வாயைத் தான் தினமும் இரண்டு வேளை போய்த் துடைத்துவிடுவதாகவும், வெண்படலம் போல ஏதோ தெரிவதாகவும் சொன்னார். இன்று மாலை ஐந்து மணிக்கு அங்கே போகிறேன். உங்கள் வழியில் அந்தப் பக்கம் வரமுடியுமானால், இருவருமாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

---

வீடு தேடிச் செல்லும் செவிலியர்

வருகிறேன் டாக்டர். நாலே முக்காலுக்குக் கண்டனூர் பேருந்து நிறுத்தத்தில் இருப்பேன். பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் எழுதுவதாக இருந்தால், அவர் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்று வீட்டில் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கசியும். மாத்திரைச் சீட்டை எடுத்து வைத்திருக்கட்டும்.